மூன்றாம் படியில் இறக்கி வைத்த வீடு

ஒர்சாத் தெபெல்யா தன் வீட்டையும் மனைவியையும் அதுவரை வாழ்ந்த வாழ்க்கையையும் அரண்மனையின் மூன்றாம் படியில் இறக்கி வைத்துவிட்டு உள்ளே போனது அக்டோபர் மாதத்தின் முதல் நாள் காலையில். அன்று மத்தி மீன் மலிவு. துறைமுகத்துக்கு வெனிஸிலிருந்து ஒரு கப்பல் வந்திருந்தது. மீன் சந்தைக்குப் போகும் சந்தில் ஒரு கழுதை, இரண்டு பக்கமும் ஒலிவ எண்ணெய் ஜாடிகளோடு மாட்டிக்கொண்டு முன்னாலும் போகாமல் பின்னாலும் வராமல் நின்றதால், ஊரார் அன்றைக்குப் பேசியது கழுதையைப் பற்றித்தான். தலைவர் விஷயம் வெளியே தெரிய மத்தியானம் ஆனது.

எங்கள் சோலினா சின்னக் குடியரசு. முன்னால் கடல், பின்னால் மொட்டை மலை, பக்கத்தில் உப்பளம். ராஜா என்று யாரும் கிடையாது. மாதத்துக்கு ஒரு தலைவர். சபையில் உட்காரும் பெரிய வீட்டு ஆண்களில் ஒருவரைத் தேர்ந்தெடுத்து, மாதம் முழுக்க அரண்மனைக்குள் பூட்டி வைப்போம். மனைவி பார்க்க முடியாது, மச்சான் பார்க்க முடியாது, அலுவல் இல்லாமல் வாசலைத் தாண்ட முடியாது. மாதம் முடிந்ததும் வீட்டுக்கு அனுப்பிவிடுவோம். ஒரு மனுஷன் கெட்டுப்போக ஒரு மாதம் போதாது என்று எங்கள் முன்னோர்கள் கணக்குப் போட்டிருக்கிறார்கள். பாவம், வெள்ளை மனசுக்காரர்கள். கெட்டிக்காரனுக்கு ஒரு வாரமே தாராளம். உள்ளே போகும்போது தலைவர் மூன்றாம் படியில் நின்று, "என் வீட்டை இங்கே இறக்கி வைக்கிறேன், ஊரை எடுத்துக்கொள்கிறேன்" என்று சத்தியம் செய்ய வேண்டும். வெளியே வரும்போது அதே படியில், "ஊரை இறக்கி வைக்கிறேன், இன்ன தெருவில் உள்ள என் வீட்டை எடுத்துக்கொள்கிறேன்" என்று சொல்ல வேண்டும். பல தலைமுறையாக எல்லோரும் சொன்னார்கள். கொட்டாவி விட்டுக்கொண்டே சொன்னவர்கள் உண்டு; மாமனாருக்கு வாங்கித் தரப்போகும் உப்புக் குத்தகையை நினைத்துக்கொண்டே சொன்னவர்கள் உண்டு. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

ஒர்சாத்துக்கு ஆனது. காரணம் யாருக்கும் தெரியாது. அவர் பெரிய ஞானியெல்லாம் இல்லை. மலைச்சரிவில் திராட்சைத் தோட்டம் வைத்திருந்த, சீட்டாட்டத்தில் எப்போதும் தோற்கிற, அதிகம் பேசாத ஆள். ஒரு வார்த்தை சொன்னால் அதையே நினைத்துச் சொல்லும் பழக்கம் மட்டும் அவருக்கு உண்டு. அன்றைக்கும் அப்படித்தான் சொன்னார். சொல்லிவிட்டு வாசலைத் தாண்டினார், முடிந்தது.

முதலில் கண்டுபிடித்தது அவருடைய சித்தப்பா மகன் ஜூனியோ. சபை உறுப்பினர். புதுத் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்த அன்றே வந்து, உப்புக் கிடங்கின் சாவி ஒன்றைத் தன்னிடம் கொடுத்து வைக்கும்படி கேட்டார்.

"நீங்க யாரு?" என்று ஒர்சாத் மரியாதையாகக் கேட்டார்.

"அட, அண்ணே! விளையாடாதீங்க. ஜூனியோ."

"சபை உறுப்பினர் ஜூனியோ. சரி. சாவி எதுக்கு?"

"எதுக்குன்னா? நம்ம வீட்டாளுக்கு இல்லாமலா?"

"எனக்கு வீட்டாளுங்கன்னு யாரும் இல்லையே" என்றார் ஒர்சாத். சொல்லும்போது முகத்தில் வருத்தமும் இல்லை, நடிப்பும் இல்லை. ஜூனியோ வெளியே வந்து, "மூக்கு நுனியில நேர்மை ஏறிடுச்சு, ரெண்டு நாள்ல இறங்கிடும்" என்று சொல்லிக்கொண்டு போனார்.

இறங்கவில்லை. மலையிலிருந்து வரும் பொதுக் கால்வாயில் பெரிய வீடுகள் திருட்டுத்தனமாகப் போட்டிருந்த குழாய்களை எல்லாம் அடைக்கச் சொன்னார். முதலில் அடைபட்டது தெபெல்யா வீட்டுக் குழாய், ஏனென்றால் அதுதான் அரண்மனைக்குப் பக்கத்தில் இருந்தது. சமையல் பாதியில் நிற்க, அவர் மனைவி பெரீனா ஆள் அனுப்பினாள்: "அந்த மனுஷன்கிட்ட சொல்லுங்க, அடுப்புல கறி இருக்கு, ஊத்தத் தண்ணி இல்லைன்னு." பதில் வந்தது: அப்படி ஒரு அம்மாவைத் தலைவருக்குத் தெரியாது, பொது நீரூற்றில் தண்ணீர் நன்றாக வருகிறது, குடத்தோடு போனால் போதும். பெரீனா குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள். போகிற வழியெல்லாம் திட்டினாள். வரும்போது திட்டவில்லை, அழுதாள். கல்யாணமாகி ஒன்பது வருடமாகியும் குழந்தை இல்லாத வீடு அது; இருந்தது இரண்டே பேர்.

இதற்கிடையில் மூன்றாம் படியில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. ஒர்சாத் இறக்கி வைத்தது எங்கும் போகவில்லை, அங்கேயே கிடந்தது. அந்தப் படியில் நின்றவர்களுக்கெல்லாம் அதில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டது. காவலாளி லுக்ஷாவுக்கு நாள் முழுக்க அங்கேதான் நிற்கும் வேலை. ஒரு காலை, குடத்தோடு போன பெரீனாவைப் பார்த்து, "அக்கா, மழைக்கு முன்னாடி வர்ற அந்த இடது முட்டி வலி தேவலையா?" என்று கேட்டுவிட்டு, தான் கேட்டதைத் தானே கேட்டு வெலவெலத்துப்போனான். மீன்காரி ஒருத்தி படியில் கூடையை இறக்கி வைத்தவள், தான் ஒருநாளும் சாப்பிடாத பெரீனாவின் புகைக்கறி முட்டைக்கோஸ் குழம்பின் ருசி நாக்கில் ஏறி, உப்பு ஒரு கல் தூக்கல் என்று ஊரெல்லாம் சொன்னாள். வெனிஸ் மாலுமி ஒருவன் அங்கே நின்று, தன் தாய் உயிரோடிருக்க, ஒர்சாத்தின் தாய் செத்ததற்காக மூக்கைச் சிந்தி அழுதான்.

பெரீனாவும் ஒருநாள் வந்தாள். லுக்ஷா ஒதுங்கி நின்றான். அவளுக்குக் கிடைத்தது ஒரு குளிர்கால மத்தியானம். மலையிலிருந்து வாடைக்காற்று அடிக்கிறது. மொட்டை மாடியில் காயப்போட்ட விரிப்பு ஒன்று பறந்து தெருவில் விழுகிறது. கீழே நிற்கும் இளைஞன் அதைப் பிடித்துக்கொள்கிறான். மேலேயிருந்து ஒரு பெண் கையை நீட்டிக் கத்துகிறாள், அவன் கொடுக்காமலேயே நிற்கிறான். அன்றைக்கு அவனை மந்தபுத்தி என்று நினைத்தவள் பெரீனா. படியில் நின்றபோதுதான் தெரிந்தது: விரிப்பைக் கொடுத்தால் அவள் உள்ளே போய்விடுவாள் என்பதற்காக அவன் கொடுக்கவில்லை. இந்த மனுஷன் இதை ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அவள் படியிலிருந்து இறங்கி முகத்தைத் துடைத்துக்கொண்டு, மாதம் முடியட்டும் என்று வீட்டுக்குப் போனாள்.

மாதம் முடியும்வரை சபை காத்திருந்திருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும். ஆனால் ஒர்சாத்தின் நினைவில் அவர் வீட்டுச் சங்கதி மட்டுமா இருந்தது? சபைக்காரர்களோடு சீட்டாடிய நாட்களும், அவர்கள் குடித்துவிட்டு உளறியதும் சேர்ந்தே கிடந்தன. ஜூனியோவின் படகு எந்தக் குகையில் உப்பு ஏற்றுகிறது என்பதை, படியில் நின்றுவிட்டு வந்த ஒரு சலவைக்காரி நீரூற்றடியில் சத்தமாகச் சொன்ன மறுநாளே சபை அவசரமாகக் கூடியது. படி தேய்ந்துவிட்டது, குடிமக்கள் வழுக்கி விழும் அபாயம் இருக்கிறது என்று ஒருமனதாகத் தீர்மானித்தார்கள். குடிமக்கள் மீது அவ்வளவு அக்கறை சபைக்கு அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. கல்லைப் பெயர்த்துப் படகில் ஏற்றி ஆழத்தில் தள்ளினார்கள். அந்த இடத்தில் பிடித்த கணவாய் மீன்கள் கூடையில் கிடந்து துடிக்கும், பெரீனா வீட்டு வாசலைக் கடக்கும்போது மட்டும் அமைதியாகிவிடும். மீன்காரர்கள் இதை வைத்து அவளிடம் கூடுதல் விலை கேட்டதில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

மாதக் கடைசியில் ஒர்சாத் புதுப்படியில் வந்து நின்றார். சதுக்கம் நிறையக் கூட்டம். பெரீனா கல்யாணத்துக்குக் கட்டிய கறுப்புப் பட்டில் முன்னால் நின்றாள். "ஊரை இறக்கி வைக்கிறேன்" என்று ஆரம்பித்தவர் அதற்கு மேல் போகவில்லை. எந்தத் தெரு என்று அவருக்குத் தெரியவில்லை.

"பைன் மரத் தெரு!" என்று நாலு பக்கத்திலிருந்தும் கத்தினார்கள். "பச்சைக் கதவு!"

"கேள்விப்பட்டதை வச்சு சத்தியம் பண்ண முடியாது" என்றார் ஒர்சாத்.

"ஏங்க, நான்தாங்க, பெரீனா. என்னைப் பாருங்க."

பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். "மன்னிக்கணும்மா" என்று சொல்லிவிட்டு உள்ளே திரும்பிப் போனார். சத்தியம் முழுதாக முடியாமல் பதவி கைமாறாது. சட்டம் தெரிந்தவர்கள் குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து விவாதித்தார்கள். அரண்மனைத் தலைவர் வெளியேற மூன்றே வழி: சத்தியம், சாவு, குற்றத் தீர்ப்பு. முதல் வழியைக் கடலில் போட்டாகிவிட்டது. இரண்டாவதற்கு அவர் ஆரோக்கியமாக இருந்தார். மூன்றாவதைத் தேடி சபை ஏழு வருடம் அலைந்தது.

ஏழு வருடமும் ஒர்சாத் ஊரை ஆண்டார். கால்வாய் சுத்தமானது, உப்பு எடை சரியானது, காய்ச்சல் நோயாளிகளோடு வரும் கப்பல்களை யார் வீட்டுக் கப்பல் என்று பார்க்காமல் தீவில் நிறுத்தி வைத்தார்கள். பெரிய வீட்டுக்காரர்கள் இளைத்தார்கள். சின்ன வீட்டுக்காரர்கள் முதலில் கைகொட்டினார்கள். பிறகு அவர்களும் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள், ஏனென்றால் சுங்கத்தில் ஒரு மருமகன், கிடங்கில் ஒரு சகலை என்று அவர்களுக்கும் ஆங்காங்கே ஆட்கள் இருந்தார்கள். நேர்மை அடைமழை மாதிரி எல்லோர் வீட்டு மாவையும் நனைத்தது. "நல்ல மனுஷன்தான், இல்லைங்கல" என்பார்கள் மதுக்கடையில், "ஆனா இவ்வளவு நல்லவனா இருக்கணும்னு யாரு கேட்டா?"

பெரீனா மனு கொடுத்துப் பார்த்தாள். சொந்த விஷயம் என்று திருப்பி அனுப்பினார்கள். பாதிரியாரை அனுப்பினாள், ஒர்சாத் அவரிடம் தேவாலயக் கூரை ஒழுகுவதைப் பற்றி விசாரித்து, சரிசெய்ய ஆள் அனுப்பினார். கடைசியில் அவளுக்குப் புரிந்தது: இந்த மனுஷன் கண்ணுக்குப் பொது விஷயம் மட்டும்தான் தெரிகிறது என்றால், தான் ஒரு பொது விஷயமாக ஆகிவிட வேண்டும். பொது நீரூற்றில் துணி துவைப்பது எங்கள் ஊரில் குற்றம். அதற்குக் கீழே தனித் தொட்டி இருக்கிறது. ஒரு திங்கட்கிழமை எல்லோரும் பார்க்க, சிங்க முகத்தின் வாயிலிருந்து விழும் தண்ணீரில் பெரீனா தன் பாவாடையை முக்கி அலசினாள்.

"அக்கா, வேணாம்க்கா" என்று லுக்ஷா கெஞ்சினான்.

"உன் வேலையைப் பாருடா. பிடிச்சுக் கூட்டிட்டுப் போ."

ஈரப் பாவாடை சொட்டச் சொட்ட அவளைத் தலைவர் முன்னால் நிறுத்தினான். ஒர்சாத் பெயர் கேட்டார், சொன்னாள். ஏன் செய்தாய் என்று கேட்டார்.

"உங்களைப் பார்க்கத்தான்."

"அது காரணம் ஆகாதும்மா. குடிக்கிற தண்ணி." தண்டனை: விசாரணை மண்டபத்தில் குற்றவாளிகள் பலகையில், தலைவர் பார்வையில் ஒரு மணிநேரம் உட்கார வேண்டும். பெரீனா உட்கார்ந்தாள். மறுநாளும் துவைத்தாள், மறுநாளும் உட்கார்ந்தாள். கொஞ்ச நாளில் வரும்போதே உரிக்க பீன்ஸ், பின்ன நூல் எல்லாம் எடுத்துக்கொண்டு வந்தாள். இரண்டு பேரும் பேசிக்கொள்வதில்லை. அவர் வழக்குகளைப் பார்ப்பார், அவள் அவரைப் பார்ப்பாள். ஊரில் பாதிக் கல்யாணங்கள் இதைவிட மோசம் என்று மீன்காரி சொன்னாள். நீரூற்றின் தண்ணீரில் சோப்பு வாசம் வருவதை ஊர் பொறுத்துக்கொண்டது.

தெற்குக் காற்று வீசும் நாட்களில் எங்கள் ஊரில் சபை கூடாது, வழக்கு நடக்காது. அந்தக் காற்று வந்தால் வானம் ஈயமாகும், சுவர் வேர்க்கும், மனுஷனுக்கு மூளை குழம்பும். அன்றைக்கு எடுத்த தீர்மானம் செல்லாது. பல தலைமுறையாக இதை யாரும் மீறியதில்லை. ஏழாம் வருடம் வசந்தத்தில், தெற்குக் காற்று அடித்த ஒரு நாள், ஜூனியோ அரண்மனைப் பக்கமாகப் போனவர் மண்டபத்து ஜன்னலைப் பார்த்தார். உள்ளே ஒர்சாத் இருந்தார். எதிரே பலகையில் பெரீனா பீன்ஸ் உரித்துக்கொண்டிருந்தாள். அவள் அன்றைக்குத் துணியும் துவைக்கவில்லை. ஜூனியோவுக்குச் சந்தோஷத்தில் கால் தரையில் பாவவில்லை. விசாரித்ததில், தெற்குக் காற்று நாட்களில் தலைவரே ஆள் அனுப்பி அவளை வரவழைக்கிறார் என்று தெரிந்தது. ஒரு குடிமகளுக்கு மட்டும் தனிச் சலுகை. மூன்றாவது வழி திறந்துவிட்டது.

சாட்சி வேண்டும். ஜூனியோ பச்சைக் கதவைத் தட்டினார்.

"அண்ணி, ஒரே ஒரு வார்த்தை. கூப்பிட்டு உட்கார வச்சாருன்னு சொல்லுங்க, போதும். அவரைக் கழுத்தைப் பிடிச்சு வெளியே தள்ளிடுவோம். நேரா உங்க வீட்டுக்குத்தான் வரணும்."

"களங்கம்னு எழுதுவீங்களே."

"எழுதினா என்ன? ஊர்ல யாருக்குத்தான் இல்ல?"

அவர் போன பிறகு பெரீனா அடுப்படியில் உட்கார்ந்து யோசித்தாள். அவர் வீட்டுக்கு வர வேண்டும். ஏழு வருடமாக அவள் வேறெதையும் கேட்டதில்லை. ஆனால் அந்த மனுஷனிடம் இப்போது இருப்பது நேர்மையானவர் என்ற பெயர் ஒன்றுதான். வீடு இல்லை, தாய் முகம் இல்லை, சாப்பிட்ட சோற்றின் ஞாபகம் இல்லை. அதையும் தானே பிடுங்கிவிட்டால் வீட்டுக்கு வரப்போவது யார்? கடைசியில் பொய் சொல்வது என்று முடிவெடுத்து, முகம் கழுவிக்கொண்டு தூங்கப் போனாள்.

காற்று திரும்பியதும் சபை கூடியது. தலைவர் மீதான வழக்குக்கும் தலைவரே தலைமை தாங்க வேண்டும் என்பது எங்கள் சட்டம். முன்னோர்கள் அப்படி ஒரு நாள் வரும் என்று நினைக்கவில்லை. ஒர்சாத் தன் மீதான குற்றச்சாட்டைத் தானே நிதானமாக வாசித்துவிட்டு, சாட்சியைக் கூப்பிட்டார்.

"அவரு என்னை நிமிர்ந்துகூடப் பார்த்ததில்லை" என்றாள் பெரீனா. "ஆள் அனுப்பவே இல்லை. காத்து அடிக்குதேன்னு நானா உள்ள போய் உட்கார்ந்தேன். இதுல அவரு தப்பு ஒண்ணும் இல்ல."

ஜூனியோவின் முகம் செத்துப்போனது. மண்டபம் முணுமுணுத்தது. அப்போது ஒர்சாத் கையை உயர்த்தினார்.

"இந்தம்மா சொல்றது பொய். நான்தான் ஆள் அனுப்பினேன். காத்து அடிக்கிற நாள்ல எல்லாம்."

"எதுக்கு?" என்று ஜூனியோ துள்ளி எழுந்தார்.

"அவங்க வந்து உட்கார்ந்தா நல்லாருந்துச்சு."

"ஏன் நல்லாருந்துச்சு?"

"அது தெரியல. தெரிஞ்சா சொல்லியிருப்பேன்."

"அட கூறுகெட்ட மனுஷா!" என்று பெரீனா பலகையிலிருந்து எழுந்து கத்தினாள். "வாழ்நாள்ல ஒரே ஒரு தடவை வாயை மூடிக்கிட்டு இருக்கக் கூடாதா?" சபை ஒழுங்கைக் குலைத்ததற்காக ஒர்சாத் அவளை எச்சரித்தார். அவர் குரல் அப்போது கொஞ்சம் தடுமாறியது என்று லுக்ஷா சொல்கிறான்.

வாக்கெடுப்பு பீன்ஸ் விதைகளில். வெள்ளை போட்டால் விடுதலை, கறுப்பு போட்டால் குற்றம். உறுப்பினர்கள் வரிசையாக வந்து ஜாடியில் கையை விட்டார்கள். எல்லாம் கறுப்பாகத்தான் விழும் என்று ஜூனியோ நினைத்திருந்தார். ஆனால் பலகையில் ஒருத்தியை ஒரு மணிநேரம் உட்கார வைத்ததே குற்றம் என்று தீர்ப்பானால் தங்கள் கதை என்னவாகும் என்று பாதிப் பேர் கடைசி நேரத்தில் வெள்ளையைப் போட்டுவிட்டார்கள். ஜாடியைக் கவிழ்த்து எண்ணினால் சரிபாதி. சரிபாதி வந்தால் தலைவர் போடுவதுதான் முடிவு.

ஒர்சாத் இரண்டு விதைகளையும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். பிறகு பெரீனாவைப் பார்த்தார். எங்கள் குடியரசின் சரித்திரத்தில் பாரபட்சத்துக்காகத் தண்டிக்கப்பட்ட ஒரே தலைவர் அவர்தான். கறுப்பு விதையைப் போட்டது அவர் கை. தீர்ப்பை வாசித்து, முத்திரை வைத்து, சாவிகளை மேசையில் வரிசையாக அடுக்கிவிட்டு, யாரும் கழுத்தைப் பிடிக்கும் முன் அவரே எழுந்து வெளியே வந்தார்.

சதுக்கத்தில் வெயில். ஏழு வருடமாகத் தெருவில் நடக்காத கால் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நின்றது. பெரீனா பீன்ஸ் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு பக்கத்தில் வந்தாள். பொய்ச் சாட்சிக்கு அவளுக்குத் தனியாகத் தண்டனை உண்டு என்றும், அதைப் புதுத் தலைவர்தான் சொல்வார் என்றும் அவர் அவளுக்குத் தெரிவித்தார்.

"சொல்லட்டும்" என்றாள். "இப்ப எங்க போறதா உத்தேசம்?"

"தண்டனை பெற்றவன் எங்க தங்கணும்னு சட்டத்துல எதுவும் இல்ல."

"என் வீட்டுல ஒரு அறை சும்மாதான் கிடக்கு."

ஒர்சாத் யோசித்தார். "உங்களுக்கு என்னால தொந்தரவு இல்லையே?" என்று கேட்டார். இருக்கு, நிறைய இருக்கு, வாங்க, என்றாள் பெரீனா.

கடலில் போனது திரும்பவில்லை. பச்சைக் கதவு வீட்டில் அவர் வாடகைக்காரராக ஒரு வருடம் இருந்தார். திராட்சைக் கொடிகளை வெட்டிவிட்டார், குழம்பில் உப்பு தூக்கல் என்று பயந்து பயந்து சொன்னார், தெற்குக் காற்று அடித்த நாட்களில் காரணமே இல்லாமல் அடுப்படிக்கு வந்து உட்கார்ந்தார். வருடம் முடிந்ததும் தேவாலயத்துக்குப் போய், தான் குடியிருக்கும் வீட்டுக்கார அம்மாவை மணந்துகொள்ள விரும்புவதாகச் சொன்னார். ஒருவன் தன் மனைவியையே கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று பாதிரியார் சட்டத்தைப் புரட்டிப் பார்த்தார். கூடாது என்று எங்கும் இல்லை. ஊரே போனது. பெரீனா அதே கறுப்புப் பட்டைக் கட்டியிருந்தாள், இடுப்பில் கொஞ்சம் பிரித்துத் தைத்து. விருந்து பிரமாதம். உப்பு மட்டும் பற்றாக்குறை, அந்த மாதம் ஜூனியோ தலைவர்.